கூரைக்குப் போக வேண்டிய காசு

கட்டாரில் ஆளில்லாத அறைக்குத்தான் குளிர் அதிகம். வெளியே வெயிலில் இரும்பைத் தொட்டால் கை பொசுங்கும். உள்ளே கொம்பியூட்டர்ப் பெட்டிகள் மட்டும் நிற்கும் அறையில் நான் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நிற்பேன். அந்தப் பெட்டிகளிலிருந்து சீலிங்குக்கு மேலாகக் கேபிள் இழுப்பது என் வேலை. ஓ.எல். சோதனை எழுதாமல் இலங்கையில் என் ஊரான சாய்ந்தமருதை விட்டுக் கிளம்பி, மாலைதீவில் கோப்பை கழுவி, சவூதியில் லொறி ஓட்டி, கடைசியில் இங்கே வந்து சீலிங்குக்கு மேலே தவழப் பழகினேன்.

போன வாரம் தங்கச்சி றிஸ்னா அழைத்தாள். அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்பார்கள். அவளுக்குச் சீதனமாக நாங்கள் கட்டும் வீடு சுவரோடு நிற்கிறது. பெண்ணுக்கு வீடு இருந்தால்தான் எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பேசலாம். கூரை ஏறியதும் ஊருக்கு வந்துவிடுவதாக நான் சொல்லியிருந்தேன்.

"காக்கா, கூரைக்கு அனுப்புற காசில நான் நெட்வேர்க்கிங் டிப்ளோமா படிக்கட்டா? ரெண்டு வருஷம். திங்கக்கிழமைக்குள்ள கட்டோணும்."

உம்மா போனைப் பறித்தார். "வயர் இழுக்கப் படிக்கிறதுக்கு ஒரு ஊட்டுக் கூரையா மனே? நீ படிக்காமத்தானே இழுக்கிறாய். கூரையில்லாத ஊட்டுக்கு மாப்பிள்ள மழைக்கு ஒதுங்கவும் வரமாட்டான்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். கட்டணத்தோடு செலவு முடியாது. லெப்டொப், படிப்பு நடக்கும் சம்மாந்துறைக்குத் தினமும் பஸ், கடைசிச் சோதனைக்கு டொலரில் தனிக் காசு. எல்லாவற்றையும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். படித்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் இருவருக்கும் தெரியாது.

மறுநாள் எங்கள் என்ஜினியர் அனிலின் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு அலுவலகத்துக்கு அவனுக்கு முந்தியே போனேன். கட்டாரி முதலாளி என்ஜினியர் நான்தான் என நினைத்து, "முஹந்திஸ்" என்று அழைத்துக் கதிரையில் இருத்தினார். தேநீர் வந்தது. மளமளவென்று கதைத்தார். எனக்கு அரபு ஓதத் தெரியும், கதைக்கத் தெரியாது. "இன்ஷா அல்லாஹ்" என்றேன். அவர் முகம் மலர்ந்தது. பின்னால் வந்த அனில், வேலை முடிய ஒரு வாரம் ஆகும் என்றதும், நாளைக்கே என்று நான் ஒத்துக்கொண்டதாக முதலாளி சத்தம் போட்டார். நான் எழும்பினேன். அந்தக் கதிரையில் அனில் அமர்ந்தான்.

அனில் மலையாளி. அவன் படித்ததும் அதே டிப்ளோமாதான். அதனால் என்ன கிடைத்தது என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

"பேப்பர் வாசல் வரைக்கும்தான் பாய் கொண்டு வந்தது. நானும் ரெண்டு வருஷம் உங்களை மாதிரி சீலிங்குக்கு மேலதான் கிடந்தேன். கூடப் படிச்சவங்க சிலபேர் இன்னும் மொபைல் கடையில நிக்கிறாங்க. சோதனையையும் சில வருஷத்துக்கு ஒருதடவை திரும்ப எழுதணும், விட்டா பழையபடி சீலிங்தான்."

"பொம்புளப் புள்ளையை எடுப்பாங்களா?"

"ஸ்கிரீன் பாக்குற வேலைக்கு எடுப்பாங்க. கிடைச்சா."

திங்கட்கிழமை சீலிங்குக்குள் இருந்தபடியே றிஸ்னாவை அழைத்தேன்.

"படிச்ச உடனே வேலை வராது புள்ள."

"தெரியும்."

"மாப்பிள்ளையும் பிந்தும்."

"பிந்தட்டும். நீங்களும் கலியாணம் முடிக்காமத்தானே திரியிறீங்க." பிறகு குரல் தாழ்ந்தது. "அப்ப நீங்க வாறது?"

"அதுவும் பிந்தும்."

"ஓம்" என்று அவள் ஒத்துக்கொண்டது மட்டும் கேட்டது.

காசை அனுப்பிவிட்டேன். மாரி வந்தால் அந்த வீட்டின் அறைகளுக்குள் தண்ணீர் நிற்கும், புல் முளைக்கும். நான் இங்கே யாரோ ஒருவரின் கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் மல்லாந்து கிடக்கிறேன். கீழே கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்கிறது.