ராத்திரிக்கு ஒரு மாத்திரை

ஒரகடத்துல ஒரு கார் பார்ட்ஸ் கம்பெனிக்கு ஸ்டாஃப் பஸ் ஓட்டுறேன். நைட் ஷிப்டுக்கு ஆளுங்கள ஏத்திக்கினு போய் விடணும், காலைல திருப்பிக் கொண்டாந்து இறக்கணும். வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஷெட்ல மெஷின்ல ஊதணும். ஜீரோ வந்தாதான் சாவி. நான் குடிக்கறவன் கிடையாது. அதனால அந்த மெஷின்மேல எனக்கு எப்பவும் ஒரு இளக்காரம்.

போன வருஷம் உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பா அரிப்பு. குன்றத்தூர்ல டாக்டர் பார்த்துட்டு, ராத்திரி சாப்ட்டப்புறம் ஒண்ணுன்னு ஒரு மாத்திரை எழுதினாரு. நானும் சொன்ன சொல் தட்டாம ராத்திரி சாப்ட்டு, மாத்திரையைப் போட்டுக்கினு டூட்டிக்குக் கிளம்பிட்டேன். எத்தினியோ வருஷமா பகல்ல தூங்கறவன் நான். எனக்கு ராத்திரின்னா குளியல், சாப்பாடு, பஸ். அதுல தூக்கம் எங்க கீது?

ஷெட்ல ஊதினேன், ஜீரோ. மண்ணூர்ல கடைசி ஸ்டாப்பு ஏத்திக்கினு கிளம்பினேன். கொஞ்ச தூரத்துல ரோடு மங்கலாச்சு. அப்புறம் தெரிஞ்சது, முன் டயர் சென்டர் மீடியன்மேல ஏறி நிக்குது. எனக்குப் பின்சீட்டுப் பொண்ணுக்கு மோவாய் கிழிஞ்சு தையல் போட்டாங்க. மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல.

போலீஸ்காரர் ஊதச் சொன்னாரு. அங்கயும் ஜீரோ. அத்தோட வாயை மூடிக்கினு இருந்திருக்கலாம். ஆனா அவரு என்னை ஒரு குடிகாரனைப் பார்க்கற மாதிரி பார்த்தாரு. எனக்குப் பத்திக்கினு வந்துச்சு. பர்ஸ்லேர்ந்து டாக்டர் சீட்டை எடுத்து நீட்டி, "பாரு சார், மாத்திரைதான் போட்டுக்கீறேன்"னு சொன்னேன். அவரு பொறுமையா படிச்சாரு. மருந்து மயக்கத்துல வண்டி ஓட்டினான்னு அதையே கேஸா எழுதிட்டாரு.

கேஸ் நின்னா லைசென்ஸ் போயிடும். எனக்கு ஸ்டியரிங்கைத் தவிர வேற எதுவும் தெரியாது. கேஸ் முடியற வரைக்கும் வண்டியத் தொடாதேன்னு கம்பெனில ஷெட்ல பஸ் கழுவ விட்டுட்டாங்க. "இன்னாபா, ஒத்துக்கினு ஃபைன் கட்டிட்டு வர்றத விட்டுட்டு"ன்னு ஷெட்ல கூட பஸ் கழுவறவன் சொன்னான். ஒத்துக்கினா நான் போதைல ஓட்டினவன்னு ஆயிடுமே, அதைத்தான் அவனுக்குப் புரிய வைக்க முடியல.

ஸ்ரீபெரும்புதூர் கோர்ட்டாண்ட ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். "டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்துன்னு சொன்னா கோர்ட்டு விட்டுடாது. நீங்க நியாயம்னு காட்டின சீட்டுதான் போலீசுக்குச் சாட்சி"ன்னாங்க. "ஆனா வண்டிய அடக்க முடியாத அளவுக்கு மருந்து உடம்புல இருந்துச்சுன்னு அவங்கதான் நிரூபிக்கணும். ரத்தம் எடுத்தாங்களா?"

எடுக்கல.

"அப்ப அதுதான் நம்ம வழி."

டாக்டர்கிட்டயும் போனேன். "ராத்திரின்னா படுக்கப் போறப்பங்க, அது தூக்கம் வர்ற மாத்திரை"ன்னாரு. நான் படுக்கறது காலைலன்னு சொன்னேன். அவரு கேட்டாரு, "முன்னாடியே சொல்லக் கூடாதா?" "நீங்க கேக்கலியே சார்." அவருமேல எனக்குக் கோவம்தான், இன்னிக்கும் முழுசாப் போகல.

இழுத்துக்கினே போய், ஒருநாள் மருந்து கேஸ் நிக்கலன்னு தள்ளிட்டாங்க. ரத்தமும் எடுக்கல, சாட்சியும் பத்தல. கவனமில்லாம ஓட்டினதுக்கு மட்டும் ஃபைன். லைசென்ஸ் என் கைலயே இருந்துச்சு. கோர்ட்டு வாசல்ல ஒரு டீ குடிச்சேன். பெரிய சந்தோஷம்னு ஒண்ணும் இல்ல, நியாயம்தானேன்னு இருந்துச்சு.

திரும்ப வண்டி எடுத்த அன்னிக்கு ஷெட்ல ஊதினேன். ஜீரோ. மண்ணூர்ல அந்த மோவாய் தையல் பொண்ணு ஏறிச்சு. திருநெல்வேலிப் பக்கம், இங்க ரூம் எடுத்துத் தங்கி கம்பெனில அசெம்பிளி லைன்ல வேலை செய்யுது. நைட் ஷிப்டு ஆளுங்க ஏறின உடனே தூங்கிடுவாங்க, கம்பெனி கேட்டு வந்தாதான் எந்திரிப்பாங்க. இது மட்டும் எனக்குப் பின்னாடி வந்து உக்காந்து கம்பியைப் பிடிச்சுக்கிச்சு.

"அண்ணே, மாத்திர போட்டியளா?"

"இல்லம்மா. இப்ப காலைலதான்."

"பகல்ல ஒறங்கினியளா?"

"தூங்கினேன்."

"செரி. கம்பெனி வர்ற வரைக்கும் நான் எதாவது கேட்டுக்கிட்டே வாரேன். நீங்க பதில் சொல்லிக்கிட்டே ஓட்டுங்க."

எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. கோர்ட்டே விட்டுடுச்சும்மான்னு சொல்ல வாயெடுத்துட்டு, தற்செயலா உள்கண்ணாடியைப் பார்த்தேன். பஸ்ல ஒருத்தர்கூடக் கண்ணை மூடல. எல்லாரும் நிமிர்ந்து உக்காந்து என் முதுகையே பார்த்துக்கினு இருந்தாங்க.

அவ கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லிக்கினே ஓட்டினேன்.