தலைவர் காலடியில் பரப்பிய தாள்கள்

ஒக்கலிபுரத்துல எங்க சந்து முனையில தலைவர் சிலை நின்னுச்சு. கோட்டு, கண்ணாடி, நேரா பார்த்த பார்வை. வருஷா வருஷம் ஜயந்திக்கு முந்தின நாள் பொம்பளைங்க நாங்க வாளி வாளியா தண்ணி சுமந்து, ஷாம்பூ பாக்கெட் பிரிச்சு அவரைக் குளிப்பாட்டுவோம். அப்புறம் எங்கண்ணன் பெயிண்ட் அடிப்பான். அவன் தொழிலே பெயிண்டர் வேலைதான். சொந்த வீட்டுச் சுவர் காரை உதிர்ந்து கிடக்கும், அதை மட்டும் கண்ணெடுத்துப் பார்க்க மாட்டான்.

எங்க சந்துல எல்லாமே அப்பா காலத்துல போட்ட வீடுங்க. கரண்ட் பில்லைத் தவிர எங்களுக்குன்னு ஒரு துண்டுத் தாள் கிடையாது. "தலைவர் வாசல்ல நிக்கிற வரைக்கும் எவனும் நம்ம சந்துல கை வைக்க முடியாது"ன்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருப்பான். சந்தே அதை நம்புச்சு. நானும்தான்.

அப்படி ஒரு ஜயந்திக்கு முந்தின நாள் சர்க்கார் ஆபீஸ்லேர்ந்து ஒரு மேடம் வந்தாங்க. கை நிறைய அப்ளிகேஷன் பாரம். வீட்டுக்கு ஒண்ணு எழுதி, போட்டோ ஒட்டி, கையெழுத்துப் போட்டுக் குடுத்தா ஹக்குபத்ரா, அதான் பட்டா, வரும், வீடு உங்க பேருக்கே ஆயிடும்னு கன்னடத்துல பொறுமையா சொன்னாங்க. அண்ணன் ஏணி மேல நின்னுக்கிட்டே "ஜயந்தி முகீலி மேடம்"னான். ஜயந்தி முடியட்டுமாம்! சந்தே சிரிச்சுச்சு. அந்தம்மா பாரத்தையெல்லாம் பீடத்து மேல வச்சுட்டு, இந்த வாரத்துக்குள்ள குடுத்துடுங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க.

அண்ணன் இறங்கி வந்து அத்தனையையும் எடுத்து, பெயிண்ட் கீழே சொட்டாம இருக்க தலைவர் காலடியில பரப்பினான். ஐயோ! படிப்பையும் சட்டத்தையும் நம்பியே வாழ்ந்த மனுஷன் அவர். நாங்க அவரோட சிமெண்ட்டை நம்பினோம்.

ரோடு அகலப்படுத்தறோம்னு நோட்டீஸ் வந்தப்பவும் அவன் அசையலை. "வரட்டும், பாத்துக்கலாம்"னான்.

வந்தாங்க. சண்டையெல்லாம் போடலை. பெரிய ஆபீசர் செருப்பைக் கழட்டிட்டு சிலைக்கு மாலை போட்டுக் கும்பிட்டார். சிலையை மாத்தி வைக்க பூங்கா ஓரத்துல புதுப் பீடம், விளக்கு, கம்பி வேலி எல்லாம் ரெடின்னார். எங்காளுங்க கை தட்டினாங்க. கயிறு உரசி கோட்டுல பெயிண்ட் போயிடுமேன்னு அண்ணன் என் பழைய புடவையைக் கிழிச்சு அவரைச் சுத்தினான். "நீங்களே கூட வாங்க, பத்திரமா இறக்கணும்"னு அவனை லாரியில ஏத்திக்கிட்டாங்க. சந்து ஆம்பளைங்க கோஷம் போட்டுக்கிட்டே பின்னால போனாங்க.

லாரி ரோடு திரும்பினதும் புல்டோசர் உள்ள வந்துச்சு. கத்தினோம், கால்ல விழுந்தோம். பாத்திரம் பண்டம் எடுக்க நேரம் குடுத்தாங்க, அவ்வளவுதான். மத்தியானம் அண்ணன் நெத்தியில குங்குமத்தோட சிரிச்சுக்கிட்டே வந்தான். எது எங்க வீடுன்னு அவனுக்கு அடையாளம் தெரியலை.

இப்போ ஊருக்கு வெளியே ஒரே ரூம்ல இருக்கோம். போன மாசம் அவனோட பெயிண்ட் டப்பா அடியில ஒரு பாரம் ஒட்டிக்கிட்டிருந்துச்சு. மெதுவா உரிச்செடுத்தேன். ஓரமெல்லாம் பெயிண்ட். பேர் எழுதற கோடு மட்டும் சுத்தமா இருந்துச்சு. எழுதி எடுத்துக்கிட்டு ஆபீசுக்குப் போனேன். கிளார்க் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "மனெ எல்லிதெ அம்மா?"ன்னார். வீடு எங்கே இருக்குன்னு. நிக்கிற வீட்டுக்குத்தான் ஹக்குபத்ராவாம், இடிஞ்ச வீட்டுக்கு இல்லையாம்.

வெளியே அண்ணன் காத்துக்கிட்டிருந்தான். "என்ன சொன்னாங்க?"

என் வாய் சும்மா இருக்குமா? "ஜயந்தி முடியட்டும்னாங்க"ன்னேன்.

அவன் அப்படியே படிக்கட்டுல உக்காந்துட்டான். அன்னிக்கு வாளியைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சவங்கள்ல நானும் ஒருத்தி. அதை மட்டும் நான் அவன்கிட்ட சொல்லலை.