அருவிக் குளியலில் போன பதினொரு கட்டைகள்

சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் குளித்துவிட்டு ஊர்ப் பக்கம் போகட்டும். எங்கள் வேலை அறைக்குள் ஏன் வர வேண்டும்? இன்று நினைத்தாலும் எரிச்சல்தான் வருகிறது.

குற்றாலத்தை அடுத்த இலஞ்சியில் ஒரு வாடகைக் கட்டடத்தில் டிடெக்டர் கட்டிக்கொண்டிருந்தோம். அணு உலை ஓடும்போது ஆன்டிநியூட்ரினோ என்ற துகள்கள் கொட்டும். எந்தச் சுவரும் அவற்றைத் தடுக்காது. அவற்றை எண்ணினால், உள்ளே போகாமலே உலை ஓடுகிறதா, நிற்கிறதா என்று சொல்லிவிடலாம். அப்படி எண்ணும் பழைய டிடெக்டர்களில் தீப்பற்றும் திரவம் தொட்டி நிறைய இருக்கும். எங்களுடையது புது வகை. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கட்டைகள், பத்துக்குப் பத்து, மொத்தம் நூறு. துகள் மோதினால் கட்டைக்குள் மின்னும் ஒளி முனையிலுள்ள சென்சாருக்குப் போய்ச் சேர வேண்டும். நாங்கள் கண்காணிக்க வேண்டிய உலையை எரிபொருள் மாற்ற நிறுத்தவிருந்தார்கள். அதற்குள் டிடெக்டர் அங்கே இருந்தாக வேண்டும். ஓடும்போதும் நிற்கும்போதும் எண்ணினால்தானே வித்தியாசம் தெரியும்? தவறவிட்டால் உழைப்பெல்லாம் வீண்.

அந்த நேரம் பார்த்து எங்கள் திட்டத் தலைவர், தென்காசிக்காரர், இரண்டு விருந்தினர்களுடன் வந்தார். மூவரும் எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்திருந்தார்கள். நான் பின்னறையில் சென்சார்களைச் சரிபார்த்துவிட்டு வெளியே வந்தால், பெட்டி திறந்து கிடக்கிறது, கட்டைகள் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

“கீழ வைங்க ஸார். கிளவுஸ் எங்க?”

“எதுக்கு அண்ணாச்சி கத்துதீய? இப்பதான குளிச்சிட்டு வாரோம். அம்புட்டுத் தண்ணி விழுந்த பொறவு எண்ணெய் எங்கன நிக்கும்?” என்றார் தலைவர்.

“ஒங்க முழங்கையில மொகம் பாக்கலாம் ஸார்,” என்றாள் கட்டைகளை அடுக்கும் செல்வி.

விருந்தினர்கள் சிரித்தார்கள். எண்ணெய் பட்டால் அந்தப் பிளாஸ்டிக்கில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். ஒளி பாதியிலேயே சிதறிவிடும். துடைத்துப் பார்த்தோம். பயனில்லை. சில நாளில் பதினொரு கட்டைகள் வெடிப்புவிட்டன.

“நூறையும் அனுப்பிருங்க. உலைக்காரங்ககிட்ட நூறுன்னு சொல்லியாச்சுல்லா,” என்றார் தலைவர்.

“குருட்டுக் கட்டைய வச்சிக்கிட்டு என்னத்த எண்ண? ஒம்பதுக்கு ஒம்பது, எம்பத்தொண்ணு போகும். மிச்சம் எட்டு ஸ்பேர்,” என்றேன்.

“ஏன் சின்னதாப் போச்சுன்னு கேப்பாங்களே?”

“யாரு குளிச்சான்னு சொல்லுதேன்.”

எண்பத்தொன்றுதான் போயிற்று. உலை நின்றதும் எண்ணிக்கை இறங்கியது, ஆனால் மங்கலாக. திரும்ப உலையை ஓட்டப்போகும் சமயத்தில்தான் அது நின்றிருந்தது என்று எங்களால் அடித்துச் சொல்ல முடிந்தது. நூறு இருந்திருந்தால் அதற்கு வெகு முன்னாலேயே சொல்லியிருப்போம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கதவைப் பூட்டுங்கள். சாவியைத் தலைவரிடம்கூடக் கொடுக்காதீர்கள்.

அடுத்த சீசனில் அவர் ஈரத் தலையோடு வந்து கதவைத் தட்டினார். ஜன்னல் வழியே சோப்பை நீட்டினேன். மூன்று தடவை கழுவ வைத்து, முழங்கை வரை பார்த்து, கிளவுஸ் மாட்டிய பிறகுதான் தாழ்ப்பாளை எடுத்தேன்.