ஷேவந்தி அறையில் கணபதி வைத்த வருஷம்

கணபதிப் பண்டிகைக்கு ஷேவந்தி பரப் ஊருக்குப் போகாதது அதுதான் முதல் தடவை. கொங்கணத்துக்காரி ஒருத்தி அந்த நாளில் மும்பையிலேயே தங்கிவிட்டாள் என்றால் வீட்டில் பிரசவமாக இருக்கும், இல்லை சாவாக இருக்கும். ஷேவந்திக்கு இரண்டும் இல்லை. பயம்.

மும்பை சிவ்டியில் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சந்து. அங்கே ஒரு பழைய சால், நீளத் தாழ்வாரத்தின் இருபுறமும் வரிசையாக ஒற்றை அறைகள். இரண்டாம் மாடியில் ஓர் அறை அவளுடையது. கல்யாணமாகி வந்து இறங்கியது அங்கேதான், புருஷனைத் தூக்கிக்கொண்டு போனதும் அங்கிருந்துதான். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்து, தவறாமல் வாடகை கட்டி வந்தாள். வீட்டுக்காரர் பாட்டணே முறைத்துக்கொண்டாவது வாங்கிக்கொள்வார். அவர் போய் மகன் வந்தான். அவனுக்கு அந்த இடத்தில் அடுக்குமாடி கட்ட வேண்டும்; இடம் வேண்டும், மனுஷர்கள் வேண்டாம். முதலில் மாடிப்படி விளக்கு போனது. அப்புறம் கக்கூஸ் கதவு காணாமல் போனது. ஆம்பிளையும் வக்கீலும் இருக்கும் அறைகளை அவன் தொடவில்லை, கெட்டிக்காரன். ஆதரவில்லாத அறையாகப் பார்த்துக் கைவைத்தான்.

போன வருஷம் கணபதிக்குப் போய்த் திரும்பிய எதிர் அறை மாத்ரே வீட்டுக் கிழத் தம்பதி, தங்கள் கதவில் வேறொரு பூட்டைப் பார்த்தார்கள். போலீஸ் கோர்ட்டுக்குப் போகச் சொன்னது. கோர்ட் தேதிமேல் தேதி கொடுத்தது. பாத்திரபண்டமெல்லாம் உள்ளேயே கிடக்க, இப்போது எங்கோ புறநகரில், நாலாசோபாராவில் இருக்கிறார்கள். அந்தப் பூட்டைப் பார்த்தபடிதான் ஷேவந்தி தினமும் சமைத்தாள்.

இந்த வருஷம் சால் மொத்தமும் மூட்டை கட்டிக்கொண்டு போனதும் தாழ்வாரத்தில் பக்யா வந்து உட்கார்ந்தான். வீட்டுக்காரனின் அடியாள். புதுப் பூட்டு ஒன்றை மேலே எறிந்து எறிந்து பிடித்தான்.

"என்ன மாவ்ஷி, ஊருக்குக் கிளம்பலையா? கணபதி கோவிச்சுக்குவாரே!" என்றான், சித்தி முறை வைத்து.

 ஒரு நாளில்லை ஒரு நாள் அரிசி வாங்கவாவது வெளியே போய்த்தானே ஆக வேண்டும்? அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கணபதி உட்கார்ந்திருக்கும் வீட்டை யாரும் பூட்ட மாட்டார்கள். கதவு திறந்தே இருக்கும், தெருவில் போகிறவனும் வந்து கும்பிடலாம். பக்யா படிக்கட்டில் இறங்கிய நேரம் பார்த்து, பக்கத்துச் சந்துக்கு ஓடி ஒரு சாண் களிமண் கணபதியை வாங்கி வந்தாள். வந்த பிறகுதான் ஊருக்குப் போன் செய்தாள்.

"நம்ம குடும்பத்துக்கு ஒரே கணபதி, அவர் இங்க இருக்கார்" என்றான் கொழுந்தன். "அங்க தனியா வெச்சா, நீ எங்கள விட்டுப் பிரிஞ்சு போயிட்டேன்னு அர்த்தம். தெரியுமில்ல அண்ணி?"

"தெரியும் தம்பி. எனக்கு வேற வழியில்ல."

போனை வைத்துவிட்டான். புகுந்த வீடு அத்தோடு போனது. அழக்கூட அவளுக்கு நேரமில்லை, பூஜைக்கு விளக்கேற்ற வேண்டியிருந்தது.

ஐந்து நாள் வைப்பதாக வேண்டிக்கொண்டாள். அதற்குள் சால்காரர்கள் திரும்பிவிடுவார்கள் என்று கணக்கு. சந்துக்காரர்கள் வந்து கும்பிட்டார்கள், கொப்பரையும் சர்க்கரையும் வாங்கிக்கொண்டு போனார்கள். பக்யா வாசல்படி தாண்டவில்லை. ஆனால் மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றுவிட்டது. செப்புக் குடத்தில் பிடித்து வைத்திருந்ததை மடக்கு மடக்காகக் குடித்தாள்.

ஐந்தாம் நாள் வந்தது, சால்காரர்கள் வரவில்லை. கோவா ரோட்டில் பஸ்கள் எறும்பாக ஊர்கின்றனவாம். சாயங்காலத்துக்குள் கணபதியைக் கரைத்தாக வேண்டும்.

"கடலுக்கு எப்பக் கிளம்புறீங்க மாவ்ஷி? டாக்ஸி கூப்பிடட்டுமா?" என்றான் பக்யா வெளியிலிருந்து. பூட்டு அவன் மடியில் இருந்தது.

ஷேவந்தி கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். ஆரத்தி எடுத்தாள். செப்புக் குடத்துத் தண்ணீர் முழுவதையும் பக்கெட்டில் ஊற்றினாள். குடிக்க ஒரு வாய் மிச்சம் வைக்கலாமா என்று கை தயங்கியது. கணபதி முழுசாக முங்க வேண்டுமே என்று அதையும் ஊற்றிவிட்டாள். அவரை மெல்ல உள்ளே இறக்கினாள்.

"கணபதி பப்பா..." என்றாள்.

ஒருவர் அப்படிச் சொன்னால் கேட்டவர் எவரானாலும் மறுகுரல் கொடுப்பார். அவளுக்குக் கொடுக்க அந்த மாடியில் நாதியில்லை.

"மோரியா!"

கதவுக்கு அந்தப் பக்கம், ஒரு முழத்துக்குள் கேட்டது. அவன் கதவோடு கதவாக நின்றிருக்கிறான்!  அடுத்த வருஷம் சீக்கிரம் வா என்று முடிக்க வேண்டியதை அவளால் சொல்ல முடியவில்லை.

"மாவ்ஷி, பிரசாதம்?"

பிரசாதம் கேட்டவனுக்கு இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. கொடுக்கவோ கதவைத் திறக்க வேண்டும். தாழை நீக்கினாள். பக்யா வலது கையை நீட்டினான். இடது கையில் பூட்டு. கொப்பரையைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டான்.

"நானும் கொங்கணத்துக்காரன்தான், தேவ்கட். இந்த வருஷம் ஊருக்குப் போக விடல, இந்த வேலை." அவள் தோளுக்கு மேலாகப் பக்கெட்டை எட்டிப் பார்த்தான். "கடலுக்கே போகலையா? உள்ளதான் இருக்கீங்கன்னு வீட்டுக்கார சேட்கிட்ட சொல்லிடுறேன்."

இரண்டு எட்டு வைத்தவன் திரும்பினான். முகத்தில் கேலி இல்லை.

"அடுத்த வருஷமும் கணபதி வெச்சுடுங்க மாவ்ஷி. பதினோரு நாளா வைங்க, அதுக்குள்ள சால்காரங்க எல்லாரும் திரும்பிடுவாங்க. சேட் என்னை மறுபடி அனுப்புவாரு, நானும் வருவேன்."