கொட்டச்சேடு வழிச் சுமைதாங்கியில் நான் இட்ட எண்

பெருமதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

ஏற்காட்டுச் சாலையோரங்களில் எஞ்சியிருக்கும் பழம்பொருள்களைத் தேடிப் பட்டியல் எழுதிவரும் தாங்கள், கொட்டச்சேடு செல்லும் வழியில் வளைவுக்கு முன்னால் நிற்கும் கல்லை ‘உடைந்த கல் இருக்கை’ என்று குறித்திருப்பதாக என் பேரன் படித்துக் காட்டினான். அது இருக்கை அன்று, சுமைதாங்கி. தலைச்சுமையோடு வருபவர் பிறர் துணையின்றி இறக்கிவைத்து, இளைப்பாறி, மீண்டும் ஏற்றிக்கொள்ளத் தக்க உயரத்தில் இரு தூண்கள் நட்டு மேலே ஒரு குறுக்குக்கல் கிடத்தியிருந்தார்கள். தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டதால் இப்போது முழங்கால் அளவே தெரிகிறது. ஆதலால் தங்கள் பிழை பொறுக்கத்தக்கதே. ஆனால் அதன் மூலை உடைந்ததற்குக் காரணம் நான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. என் தாய்மாமன் எஸ்டேட்டில் காப்பி மூட்டைகளுக்கு எண் எழுதும் வேலையில் இருந்தார். எதற்கெடுத்தாலும் பந்தயம் கட்டுவது அவர் இயல்பு. சாலையோரத்தில் யாருக்கும் பயன்படாத பழைய பொருள்கள் பத்தைக் கண்டுபிடித்தால் என்னைப் பஸ்ஸில் சேலத்துக்கு அழைத்துப் போவதாக ஒரு நாள் வாக்களித்தார். நான் அதுவரை சேலத்தை மலைமேலிருந்து மட்டுமே பார்த்திருந்தேன்.

“ஒன்னையே ரெண்டு தடவ எண்ணிப்போட்டுப் பத்துன்னு சாதிப்ப நீயி. நம்பரு போட்டு வெச்சாத்தான் ஒத்துக்குவேன் கண்ணு,” என்று கூறி, கொட்டாங்கச்சியில் மிஞ்சிய சிவப்புப் பெயிண்டையும் தேய்ந்த பிரஷ் ஒன்றையும் தந்தார்.

எழுத்து மங்கிய மைல்கல் ஒன்றாம் எண் பெற்றது. குதிரைகளுக்கு நீர் காட்டிய கல்தொட்டி இரண்டு. விளக்கில்லாத விளக்குத்தூண் மூன்று. நான் பார்த்தபோதெல்லாம் வெறுமையாய் நின்ற சுமைதாங்கியில், குறுக்குக்கல்லுக்குச் சற்றுக் கீழே, நுனிக்காலில் நின்று, நான்கு என்று எழுதினேன்.

அக்காலத்தில் சாலையை அகலப்படுத்தும் வேலை தொடங்கியிருந்தது. ஓரத்துச் சில்வர் ஓக் மரங்களிலும் சிவப்பு எண்கள் இருந்தன. எனக்குப் போட்டியாக வேறொருவர் பந்தயம் கட்டியிருப்பதாக நான் எண்ணினேன். பழம்பொருளைத் தேடத் தெரியாமல் மரங்களை எண்ணுகிறாரே என்று அவர்பால் சிறிது இரக்கமும் கொண்டேன்.

அடுத்த வாரம் பள்ளி விட்டு வரும்போது, எண்ணிட்ட மரங்கள் வெட்டுண்டு கிடந்தன. ஆட்கள் குதிரைத் தொட்டியைக் கடப்பாரையால் நெம்பிக்கொண்டிருந்தனர். ஒருவர் ஏதோ ஐயம் கேட்டார்.

“நம்பரு போட்டிருக்குதில்ல? அப்பறமென்ன ரோசன, நெம்புடா,” என்றார் மேஸ்திரி.

மைல்கல்லை மட்டும், அரசாங்கக் கல் என்று அஞ்சி, எண்ணிருந்தும் விட்டுவிட்டிருந்தார்கள். விளக்குத்தூண் சாலையின் மறுபக்கம். இந்தப் பக்கம் தொட்டிக்கு அடுத்தது, வளைவுக்கு முன்னால், சுமைதாங்கி.

வீட்டுக்கு ஓடினேன். தாயார் அப்போதுதான் விறகுக் கட்டை இறக்கி அவிழ்த்திருந்தார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

“சொமதாங்கியிலயுமா எழுதுன?” என்று மட்டும் கேட்டார். பிறகு அவிழ்த்த விறகை மீண்டும் கட்டி, தலையில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். வீடு சேர்ந்த விறகை யாரேனும் காட்டுக்குத் திருப்பிக் கொண்டு போவார்களா? தாயாருக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்றே நான் அஞ்சினேன்.

நாங்கள் சேர்ந்தபோது கடப்பாரை ஒருமுறை விழுந்து மூலை பெயர்ந்திருந்தது. தாயார் விறகைக் குறுக்குக்கல்லின்மேல் இறக்கி வைத்தார்.

“ஏனுங்கம்மா, அக்கட்டால எடுங்க. கல்ல எடுக்கோணும்,” என்றார் மேஸ்திரி.

“சொம எறக்கியிருக்கறனுங்க. மூச்சு வாங்கிக்கறேன்.”

சுமைதாங்கியில் இறக்கிய சுமையை, உடையவர் கேட்டாலன்றிப் பிறர் தொடுவதில்லை. வேலையாட்களும் அவ்வழக்கம் அறிந்தவர்களே. கடப்பாரையை ஊன்றி நின்றார்கள். நெடுநேரம் ஆயிற்று.

“இன்னுமாம்மா மூச்சு வாங்குது?”

“செலருக்கு நொம்ப நேரமாகுமுங்க.”

அதற்குள் பின்னால் வந்த விறகுக்காரப் பெண்கள் இருவர் நிலைமையை உணர்ந்து, “எங்களுக்கும் கொஞ்சம் எடம் உடக்கா,” என்று தங்கள் கட்டுகளையும் அதன்மேல் ஏற்றினார்கள். ஒருத்தி மேஸ்திரியைப் பார்த்து, “கல்ல எடுத்துருங்க மேஸ்திரி, ஒன்னுமில்ல. நாளையிலிருந்து நீங்களே தெனமும் வந்து எங்க சொமைய எறக்கி உட்டுப் போடுங்க,” என்றாள். வேலையாட்களே சிரித்துவிட்டார்கள்.

அப்போதுதான் தாயார் என்னை முன்னே நிறுத்தி, அந்த எண் என் வேலை என்றார். மேஸ்திரி மண்ணில் ஒரு நாலு எழுதச் சொன்னார். எழுதினேன். என் நாலின் கால் வளைந்திருக்கும். கல்லிலும் அவ்வாறே வளைந்திருந்தது.

“நாலாம் நம்பரு மரம் காலைலயே சாஞ்சுதே, இதென்ன இன்னொன்னுன்னு அப்பவே நெனச்சேன். ஏனுங் ஓவர்சியரம்மா, இனி நம்பரு போடறதுன்னா எங்களக் கேட்டுப்போட்டுப் போடுங்க,” என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

முதலிலேயே உண்மையைச் சொல்லாதது ஏன் என்று திரும்பும் வழியில் கேட்டேன். “நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள நெம்பிட்டா?” என்றார் தாயார்.

அன்று மாலை தந்தையார் மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் கொண்டு வந்து அந்த எண்ணைத் தேய்த்தார். அடி விழும் என்று எதிர்பார்த்தேன், விழவில்லை. இருட்டும்வரை தேய்த்துக்கொண்டே இருந்தார். எண் முற்றிலும் அழியவும் இல்லை. பந்தயம் கலைந்து சேலம் போக முடியாமற் போயிற்றே என்றுதான் நான் அழுதேன்.

பிற்காலத்தில் என் முதற்பேற்றுக்குத் தாய்வீடு வந்து, குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது, தாயார் அதைத் தூக்கிக்கொண்டு என்னை அந்த வளைவுக்கு அழைத்துச் சென்றார். தந்தையாருக்கு முதலில் வாழ்க்கைப்பட்டவர் தாயாரின் அக்காள் என்பதை அன்றுதான் அறிந்தேன். பேறுகாலத்தில் தூளி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்லும்போது, அவ்விடத்தில், பிள்ளை பிறவாமலே அவர் இறந்துபோனார். வயிற்றுச் சுமையை இறக்காமல் போனவள் பெயரால் பிறர் சுமையை இறக்கச் சுமைதாங்கி நடுவது எங்கள் சனங்களின் வழக்கம். தந்தையாரே அதை நட்டிருக்கிறார்.

தாயார் சேலைத் தலைப்பைக் கல்லின்மேல் விரித்து, என் குழந்தையை ஒரு கணம் அதில் கிடத்தி, பின் எடுத்து என் கையில் தந்தார். யாருக்கும் பயன்படாத பழம்பொருள் என்று நான் எண்ணிட்டது அந்தக் கல்லைத்தான்.

‘உடைந்த கல் இருக்கை’ என்பதை அடித்துவிட்டு, சுமைதாங்கி என்று எழுதி, இக்கடிதத்தையும் தங்கள் பட்டியலோடு சேர்த்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.