காது கேளாத வெள்ளை நாய்க்கு ஒரு வீடு

லாரிக்காரன் அத்தனை ஹாரன் அடித்தும் அந்த வெள்ளை நாய் நகரவே இல்லை என்றார் பெட்டிக்கடைக்காரர். நான் பள்ளிக்கூடம் முடிந்து திருச்சி ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, பின்னங்கால் நசுங்கி ஓரமாகக் கிடந்தது. சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்றி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

தொண்ணூறுகளில் சிங்காநல்லூரில் குடியிருந்தோம். இப்படி வந்து சேர்ந்த நாய்கள் ஏற்கெனவே இரண்டு இருந்தன. கணவர் பழைய போர்வையை எடுத்து விரித்தார். வீட்டுச் சொந்தக்காரர்தான், "ஏனுங்க டீச்சர், இது ஊடுங்களா சந்தைங்களா?" என்றார்.

கால் தேறியது. லேசான நொண்டல் மட்டும் தங்கிவிட்டது. தீபாவளியன்று மற்ற இரண்டும் கட்டிலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தன. இதுவோ தெருவே அதிரும் சரவெடிக்கு நடுவில் வாசலில் தூங்கியது. கணவர் அதன் தலைமாட்டில் ஒரு தட்டைப் போட்டுப் பார்த்தார். கண்ணைத் திறக்கவில்லை. லாரி ஏன் இடித்தது என்று அப்போதுதான் புரிந்தது.

அழகாக இருக்கிறது என்று பீளமேட்டில் ஒரு குடும்பம் ஆசையாய்க் கொண்டுபோனது. காது கேட்காது என்று முன்பே சொல்லித்தான் கொடுத்தேன். இருந்தும் ஒரே வாரத்தில் திரும்பி வந்தார்கள். "கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குதுங்க." அடுத்து உடுமலைப்பேட்டைத் தோப்புக்காரர். காவலுக்கு ஆகாது என்று அவரும் கொண்டுவந்து விட்டுவிட்டார். அவருடைய ஜீப் போன பிறகும் அது வெகுநேரம் கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றது.

பிறகு பல்லடத்திலிருந்து விசைத்தறி போட்டிருக்கும் தம்பதி வந்தார்கள். எடுத்த எடுப்பிலேயே, "இதுக்குக் காது கேக்காதுங்க" என்றேன்.

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "எங்க தறிக்குடோன்ல யாருக்குங்க கேக்குது? தறி ஓடறப்போ கையிலதான் பேச்சு. மொதல்ல வளத்த நாய் சத்தத்துக்குப் பயந்தே ஓடிப்போச்சுங்க." அவர் நாயின் எதிரில் குந்தி உட்கார்ந்து விரல்களை மடக்கி அழைத்தார். அது கொஞ்சம் யோசித்துவிட்டு நொண்டிக்கொண்டே கிட்டே போனது.

இதுவும் நிலைக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். பொங்கல் லீவில் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். தறிகளுக்குக் கிட்டே நாய் போகாதபடி வாசலில் குறுக்கே ஒரு பலகை வைத்திருந்தார்கள். அதை ஒட்டி, காதைப் பிளக்கும் சத்தத்தில், நிம்மதியாய்ப் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் உடம்பெல்லாம் ஆட ஓடிவந்து கையை நக்கியது. சேலையைச் சுற்றிச் சுற்றி வந்தது.

அந்த அம்மாள் தறியை நிறுத்திவிட்டு வந்தார். முகம் வாடியிருந்தது. "கூட்டிட்டுப் போயிருவீங்களோன்னு பயந்துட்டேங்க."

"இல்லீங்க அம்மணி. சும்மா பாக்கத்தான் வந்தேன்."

அவர் உள்ளங்கையைத் தாழ்த்திக் காட்டினார். நாய் என் காலடியை விட்டு விலகிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தது. எனக்கு ஒரு கணம் சுருக்கென்றது. காப்பி குடித்துக்கொண்டே வெகுநேரம் அங்கேயே பேசிக்கொண்டிருந்தோம்.