தாயோடு நின்ற நாம்பன்

சுவிஸில் லாங்கன்தால் என்ற ஊருக்கு வெளியே ஒரு மாட்டுப் பண்ணையில் என் கணவருக்கு வேலை. பண்ணை வீட்டின் மேல்மாடியில் எங்களுக்கு இரண்டு அறைகள் தந்திருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், எங்கள் முதல் பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. பிள்ளை இல்லையென்று உடம்புக்குத் தெரியவில்லை, பால் சுரந்தது. ஊரில் என்றால் பால் வற்ற மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவார்கள். இந்தப் பனிக்குள் மல்லிகைக்கு எங்கே போவது? தாதி சொன்னபடி முட்டைக்கோவா இலையை வைத்துக் கட்டிக்கொண்டு கிடந்தேன். யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தேன்.

அது பால் கறக்கும் பண்ணையல்ல. இறைச்சிக்கு வளர்க்கும் மாடுகள். கன்றுகள் தாயோடேயே மேயும். சித்திரையில் ஒரு பசு எலும்பு தெரிய மெலிந்துபோனது. அதன் ஆண் கன்றுக்கு, அந்த நாம்பனுக்கு, அப்போது நாலு மாதம். பால் மறக்கப்பண்ணினால்தான் தாய் தேறும் என்று, கன்றைப் பிரிக்கச் சொல்லிவிட்டார் பண்ணைக்காரர். ஏற்கெனவே அப்படிப் பிரித்த இரண்டு கன்றுகள் பின்கொட்டிலில் காய்ந்த புல்லைத் தின்றுகொண்டு வாடி நின்றன. அவற்றின் தாய்கள் கதறியபோது நான் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தேன். இன்னொரு முறை அதைக் கேட்க என்னால் முடியாது.

"இஞ்சேருங்கோ, அந்தக் கண்டைப் பிரிச்சால் நான் இஞ்ச இருக்கமாட்டன். சொல்லிப்போட்டன்!"

"உமக்கென்ன விசரே? அது அவரின்ர மாடு," என்றார் கணவர்.

"அவரின்ர மாடாவே இருக்கட்டும். அந்தச் சத்தத்தை ஆர் கேக்கிறது? நானெல்லோ கேக்கிறன்!"

அவர் போய்ச் சொன்னார். என் பிள்ளையின் கதை பண்ணைக்காரருக்குத் தெரியும். "சரி, நிற்கட்டும். தாய்க்குக் கூடுதலாகத் தீவனம் வைக்கவேண்டும், அதை அவளே பார்க்கட்டும்" என்றாராம். நல்ல மனிதர். இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

அரைத்த பார்லியும் பீட்ரூட் சக்கையும் குழைத்து நானே வைத்தேன். பசு தேறியது, மடி நிறைந்தது. கன்று முட்டி முட்டிக் குடித்தது. போதாதென்று தாயின் தீவனத்துக்குள்ளும் மூக்கை விட்டது. "அடேய், வயிறா உனக்கு, சாக்கா?" என்று ஏசுவேன். ஆவணிக்குள் அதன் முதுகு மேசைபோல் அகன்றுவிட்டது.

"பிள்ளை வளக்கிற மாதிரியெல்லோ வளக்கிறீர்," என்று கணவர் ஒருநாள் பகிடி விட்டார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஐப்பசியில் இறைச்சிக்கூடத்து லொறி வந்தது. பின்கொட்டில் கன்றுகளைத்தான் ஏற்றப்போகிறார்கள் என்று நினைத்து, பாவம் என்று எட்டிப் பார்த்தேன். என் நாம்பனைக் கொண்டுவந்தார்கள்.

"ஐயோ, அது பால் குடிக்கிற கண்டப்பா!"

கணவர் தலை குனிந்தார். "தாய்ப்பாலில நிண்டது பத்து மாசத்தில வெட்டுற நிறைக்கு வந்திடும். நேரத்தோட பிரிச்சதுகள் மெல்ல மெல்லத்தான் வளரும். அதுகள் இன்னும் ஒரு கோடைக்கு நிக்கும்."

"உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

"நீர் கன நாளைக்குப் பிறகு சிரிச்சனீர்."

வேலியோரம் பசு கழுத்தை நீட்டிக் கதறிக்கொண்டிருந்தது. மடியிலிருந்து பால் சொட்டிச் சேற்றில் விழுந்தது. அந்த வலி எனக்குத் தெரியும். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

லொறி போனதும் பண்ணைக்காரர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகமெல்லாம் சந்தோசம்.

"இந்த வருசத்துக் கண்டுகளில இதைப்போல ஒண்டும் வளரேல்லையாம்," என்று கணவர் மெதுவாக மொழிபெயர்த்தார். "வாற வருசம் எல்லாத்தையும் நீரே பாக்கட்டாம்."

"எல்லாத்தையும் நேரத்தோட பிரிக்கச் சொல்லுங்கோ," என்றேன். "மெலிஞ்சு கிடந்தாலும் உயிரோட கிடக்கட்டும். தாய் கத்தினால் நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."